சொந்தச் சேகரிப்பை எப்படிக் கேட்பது: வரிசையாகவா, பட்டியல் போட்டா, கலைத்துவிட்டா?

ஹார்ட் டிஸ்கிலோ மெமரி கார்டிலோ சில ஆயிரம் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். இத்தனை காலம் சேர்த்ததை இனி எப்படிக் கேட்பது? படம் படமாக, கேசட்டில் இருந்த அதே வரிசையிலா? பிடித்ததை மட்டும் பொறுக்கித் தனிப் பட்டியல் போட்டா? மொத்தத்தையும் ஷஃபிளில் விட்டு, வருவது வரட்டும் என்றா? அல்லது சேகரிப்பைப் பரணில் ஏற்றிவிட்டு, சந்தா கட்டி, ஸ்ட்ரீமிங் செயலி போடுவதைக் கேட்பதா?

இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பழகிப் பார்த்தவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திரைப்பாட்டு என்றால் ஷஃபிள்தான். ஆனால் டிஸ்கில் இருக்கும் அத்தனையும் ஷஃபிளுக்கு ஒத்துவராது. கொஞ்சம் வேலை செய்து ஒழுங்குபடுத்திய சேகரிப்பில்தான் அது முழுப் பலன் தரும். ஏன் என்று சொல்ல மற்ற வழிகளையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

சேகரிப்பு என்று நான் சொல்வது பெரிய ஆவணக் காப்பகத்தை அல்ல. கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் மாற்றியது, நண்பர்கள் பென்டிரைவில் கொடுத்தது, காசு கொடுத்து இறக்கியது என்று இருபது முப்பது வருஷத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்தது. 3,000 பாட்டு என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்குச் சராசரி நாலரை நிமிஷம் என்றால் மொத்தம் 225 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கேட்டாலும் ஒரு சுற்று முடிய ஏழரை மாதம் ஆகும். அது பிடிக்கும் இடம் பெரிதில்லை. ஒலித்தரம் 128 கேபிபிஎஸ் உள்ள எம்பி3 என்றால் 13 ஜிபி, 320 என்றால் 32 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. 64 ஜிபி கார்டு ஒன்றில் எல்லாம் அடங்கிவிடும். பற்றாதது நம் நேரம்தான். அந்த ஏழரை மாதத்தில் எந்தப் பாட்டு எப்போது காதில் விழ வேண்டும் என்பதை யாரிடம் விடுவது என்பதுதான் இங்கே தேர்வு.

படம் படமாகக் கேட்பது

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஒரு பாட்டின் கடைசி வரி தேயும்போதே அடுத்த பாட்டின் முதல் இசை மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று வந்த கேசட்டுகளால் தொடர்பே இல்லாத இரண்டு படங்கள் நம் நினைவில் அண்ணன் தம்பியாகிவிட்டன. அந்த வரிசை மாறாமல் கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. உடம்பு சரியில்லாதபோதும் ஊர்ப்பயணத்திலும் எனக்கு இன்றும் அதுதான் வேண்டியிருக்கிறது.

ஆனால் திரைப்பாட்டில் அந்த வரிசைக்கு இசையில் எவ்வளவு நியாயம் உண்டு? இசையமைப்பாளர் பாட்டுப் போடுவது கதையில் வரும் கட்டத்துக்கு. கேசட்டில் எது முதலில் வர வேண்டும் என்பது பெரும்பாலும் விற்பனை பார்த்து எடுக்கப்பட்ட முடிவு. படத்தில் கடைசியாக வரும் பாட்டு கேசட்டில் முதலாவதாக இருந்தது உண்டு. மேற்கத்திய ஆல்பத்தின் கதை வேறு. அங்கே பாடகரே வரிசையை யோசித்து அமைக்கிறார். 2021 நவம்பரில் பாடகி அடேல் தன் புதிய ஆல்பம் வெளிவந்த சமயத்தில் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆல்பம் பக்கங்களில் ஷஃபிளே முதலில் நிற்கும் வழக்கத்தைக் கட்டணச் சந்தாதாரர்களுக்கு ஸ்பாட்டிஃபை மாற்றியது. ஆல்பம் ஒரு கதை சொல்கிறது, அதைச் சொன்ன முறையிலேயே கேட்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பாட்டுக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆறு பாட்டில் இரண்டு டூயட், ஒரு சோகம், ஒரு குத்து என்று வந்த நம் படக் கேசட்டுக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

அடேலின் வாதம் கச்சேரிக்கு இரு மடங்கு பொருந்தும். இன்றைய கர்நாடகக் கச்சேரியின் அமைப்பை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் (1890–1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கிச் சின்னக் கிருதிகள், நடுவில் விரிவான பிரதான உருப்படி, அதன் மேல் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள் என்ற சின்ன உருப்படிகள், மங்களம். இரண்டரை மூன்று மணி நேரத்தில் ஏறி இறங்கும் ஒரு கட்டமைப்பு அது. சிடியாகப் போடும்போது ராகம், தானம், பல்லவியை மூன்று டிராக்காக வெட்டுகிறார்கள். தனியைத் தனி டிராக்காக வைக்கிறார்கள். இதை ஷஃபிளில் விட்டால் தோடி ஆலாபனை முடிந்த கையோடு கிராமத்துக் குத்துப்பாட்டு வரும். பல்லவியோ வேறொரு நாள் தலையும் காலும் இல்லாமல் வந்து நிற்கும். எந்தப் பாட்டுக்கு வாசித்தது என்றே தெரியாமல் மிருதங்கமும் கடமும் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருக்கும். வித்வானுக்கும் அவமரியாதை, கேட்பவருக்கும் பயனில்லை. கச்சேரியை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்பது, முடியாவிட்டால் ஒரு ராகத்தை அதன் கிருதியோடு சேர்த்தாவது கேட்பது, இரண்டு வழிதான் உண்டு. 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துச் செய்த திருவாசகம் போன்றவையும் இந்த வகை. பகுதி பகுதியாகப் பிய்த்தால் அதன் எடை போய்விடுகிறது.

ஆகவே முதல் முடிவு எளிது. கச்சேரி, சிம்பொனி, வில்லுப்பாட்டு, ஒலிச்சித்திரம், நகைச்சுவை வசனம் எல்லாம் ஒரு தனி ஃபோல்டர். அது வரிசையாகக் கேட்கும் உலகம். சுப்ரபாதமும் கவசங்களும் இன்னொரு ஃபோல்டர். அவற்றுக்கு விடியற்காலை என்ற நேரம் இருக்கிறது. மிச்சமிருக்கும் திரைப்பாட்டு, தனிப்பாடல் கடலைத்தான் இனிப் பேசப்போகிறோம்.

நாமே போடும் பட்டியல்

பிளேலிஸ்ட் நமக்குப் புதிதல்ல. எண்பதுகளில் ஊருக்கு நாலு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஒரு தாளில் பாட்டுகளை எழுதி, 60 அல்லது 90 நிமிஷ வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிவு செய்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணியோ முக்கால் மணியோதான். ஆறேழு பாட்டு, நெருக்கிப் பிடித்தால் பத்து. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் யோசனை வேண்டும். முதலில் எது, பக்கம் முடியும் இடத்தில் எது, பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் நிமிஷம் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் போட்டு எழுதிய தாள்கள் அவை. கடைக்காரருக்கும் ருசி இருக்கும். மீதி இரண்டு நிமிஷம் இருந்தால் அவரே ஒரு வாத்திய இசைத் துண்டை வைத்து நிரப்பிக் கொடுப்பார்.

அந்தக் கட்டுப்பாடுதான் பட்டியலின் பலம். எல்லையே இல்லாத செயலியில் அது போய்விட்டது. இன்று ‘மழை’ என்று தொடங்கும் பட்டியல் ஒரே மாதத்தில் முந்நூறு பாட்டாகிவிடுகிறது. பிறகு அதையும் ஷஃபிளில்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டியலுக்கு உரிய இடங்கள் உண்டு. கல்யாண வீட்டில், நீண்ட கார்ப் பயணத்தில், நண்பருக்குப் பரிசாகக் கொடுக்கும்போது அதற்கு ஈடில்லை. ‘மலேசியா வாசுதேவன் பாடிய சோகப் பாட்டுகள்’ என்று ஒரு கருத்தை நிரூபிக்கப் போடும் பட்டியல் ஒரு கட்டுரைக்குச் சமம். அன்றாடக் கேட்புக்கு மட்டும் அது சலிக்கும். போட்ட அன்று நமக்கு என்ன பிடித்திருந்ததோ அதோடு உறைந்து நிற்பது பட்டியல். திரும்பத் திரும்பக் கேட்டு நல்ல பாட்டுகளையே தேய்த்துவிடுகிறோம். மீதி 2,900 பாட்டு டிஸ்கில் தூங்குகிறது.

ஸ்ட்ரீமிங்கிடம் விட்டுவிடுவது

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. புதிய பாட்டு வெளிவந்த நிமிஷத்தில் கையில் இருக்கிறது. நம்மிடம் இல்லாத பழைய படம் ஒன்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒலித்தரம் நம் பழைய கேசட் மாற்றல்களைவிடப் பல மடங்கு மேல். ஒரு பாட்டைப் போட்டால் அதே காலத்தை, அதே சாயலைச் சேர்ந்த பத்துப் பாட்டு தானாக வருகிறது. உழைப்பே வேண்டாம்.

செயலி அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பங்கு மற்றவர்களின் பழக்கத்துக்கு. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கு அது. அதனால் அதிகம் கேட்கப்பட்டது மேலும் அதிகம் வரும். எழுபதுகளிலிருந்து ஒரு பாட்டைத் தொடங்கினால் எல்லாருக்கும் தெரிந்த அதே நாற்பது ஐம்பது பாட்டுக்குள் அது சுற்றி வருவதைத்தான் நான் கேட்கிறேன். இடையிடையே அதே பாட்டின் ரீமிக்ஸ், லோஃபை, யாரோ பாடிய கவர். படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பொன்னான பாடல்கள்’ மாதிரி ஒரு தொகுப்பின் பெயர், 1965-ஆம் வருஷப் பாட்டுக்குத் தொகுப்பு வெளிவந்த வருஷம். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க விரும்புகிறவருக்கு இது பெரிய குறை.

அதைவிடப் பெரியது, அது நம்முடையது அல்ல. கூகுள் பிளே மியூசிக் 2020 கடைசியில் மூடப்பட்டது. விங்க் மியூசிக்கை 2024-இல் ஏர்டெல் மூடியது. 2023-இல் உரிம ஒப்பந்தம் ஒத்துவராமல் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. நேற்றுவரை பட்டியலில் இருந்த பாட்டு இன்று மங்கலாகித் தொட்டால் பாடாமல் நிற்பது சந்தாதாரர்கள் பலருக்குப் பழகிப்போன காட்சி. டிஸ்கில் இருப்பதை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. டிஸ்க் பழுதாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் நம்முடையது. இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

செயலியிலும் ஷஃபிள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்த ‘ஸ்மார்ட் ஷஃபிள்’ உங்கள் பட்டியலுக்கு நடுவே நீங்கள் சேர்க்காத பாட்டுகளையும் செருகித் தரும். புதியது தேடுபவருக்கு நல்ல வசதி. எனக்குத் தேவைப்படுவது அதற்கு நேர் எதிரானது. நான் என்றோ தேர்ந்தெடுத்து, வைத்து, மறந்துபோன பாட்டு எனக்குத் திரும்பி வர வேண்டும்.

கலைத்துவிட்டுக் கேட்பது

ஷஃபிளின் மதிப்பு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. வானொலி தரும் எதிர்பாராமை அதில் உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் விவித் பாரதியும் கேட்டு வளர்ந்த என் அம்மாவுக்கு ‘அடுத்து என்ன பாட்டு’ என்று தெரியாமல் காத்திருப்பதே பழக்கம்; தெரிந்த வரிசையில் பாட்டுக் கேட்பது அவருக்கு இன்றும் அந்நியமாகத்தான் இருக்கிறது. ஆனால் வானொலியில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. வருவது எதுவானாலும் அது ஏற்கெனவே நாம் விரும்பி உள்ளே விட்ட பாட்டு. அளவுள்ள, நாமே பொறுக்கிய ஒன்றைக் கலைப்பதும், எல்லையில்லாத கிடங்கைக் கலைப்பதும் ஒன்றல்ல. இணையத்தில் உள்ள கோடிக்கணக்கான பாட்டில் ஒன்று வருவது தற்செயல். நம் 3,000-இல் ஒன்று வருவது நம்முடைய பழைய ரசனையின் ஒரு துளி.

சமையலறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு தொடங்கிவிடும். முன்னிசை முடிவதற்குள் படம், இசையமைப்பாளர், பாடுபவர் யார் என்று சொல்ல வேண்டும். “யாருடா இது, ஜென்சியா?” என்று அம்மா கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். ஜென்சி தமிழில் பாடியது குறைவு. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் முதலில் வராது. ஷஃபிளில் ஒரு பாட்டுப் பாடியவரின் பாட்டுக்கும் ஆயிரம் பாடியவரின் பாட்டுக்கும் வாய்ப்பு சமம். அப்படித்தான் மறந்துபோன குரல்கள் வெளியே வருகின்றன.

இன்னொன்று, காலங்கள் மோதிக்கொள்ளும் விதம். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் தமிழில் கேட்கத் தொடங்கியது 1969-இல். 2020-இல் அவர் மறையும் வரை பாடிக்கொண்டேதான் இருந்தார். படம் படமாகக் கேட்கும்போது அவர் குரலுக்கு வயதாவது நமக்குத் தெரிவதே இல்லை. ஷஃபிளில் 1970-ஐ ஒட்டிய ஒரு பாட்டுக்கு அடுத்து 2010-ஐ ஒட்டிய ஒன்று வந்தால் ஒரு ஆயுள் நாலு நொடியில் கடந்துபோகிறது. முதலாவதில் குரல் மெலிந்து துள்ளுகிறது; இரண்டாவதில் மூச்சு கனத்து, சொற்களில் வேறொரு பொறுப்பு ஏறியிருக்கிறது. எல்.ஆர்.ஈஸ்வரியின் கிளப் பாட்டுக்கு அடுத்து அவரே பாடிய அம்மன் பாட்டு வந்த ஒரு மாலையில், இரண்டையும் ஒரே வீச்சோடு தாங்கிய அந்தத் தொண்டையைப் பற்றி வீட்டில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வாலி எம்.ஜி.ஆர். படத்துக்கு எழுதியதும் ரஹ்மான் மெட்டுக்கு எழுதியதும் அடுத்தடுத்து வந்தால், அவர் கைவேலையில் மாறாதது எது என்று காது தேட ஆரம்பிக்கும்.

இசையின் கட்டுமானமும் அப்படியே. எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டு ஒன்று மோனோ ஒலிப்பதிவில், குரலும் வாத்தியமும் ஒரே இடத்தில் நெருங்கி நின்று வரும். அடுத்து இளையராஜா; அடியில் பேஸ் கிட்டார் தனிக் கதை ஒன்று சொல்லிக்கொண்டு போகும். அடுத்து 1992-க்குப் பிந்திய ரஹ்மான். தாளம் கணினியில் கட்டியது, குரலைச் சுற்றி நிறைய வெளி. புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாற்றை மூன்று பாட்டு காதுக்கே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ராகமும் சிக்கும். இருபது வருஷ இடைவெளியில் வந்த இரண்டு மோகன ராகப் பாட்டு பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால், ராகம் தெரியாதவர்கூட ‘இது அது மாதிரி இருக்கே’ என்று நிமிர்வார்.

அது வேலை செய்யும் விதம்

ஷஃபிளை வெறுப்பவர்கள் சொல்லும் குறை ஒன்று: ‘வந்த பாட்டே வருகிறது, ஒரே ஆள் பாட்டே வருகிறது.’ இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

சரியான ஷஃபிள் என்பது சீட்டைக் குலுக்கி அடுக்குவது. 1938-இல் ஃபிஷர், யேட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் தாளும் பென்சிலும் வைத்துச் செய்ய ஒரு முறை சொன்னார்கள். 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார். அந்த முறையில் மொத்தமும் ஒருமுறை கலைக்கப்படும்; எல்லாம் ஒருமுறை பாடி முடியும் வரை எதுவும் இரண்டாம் முறை வராது. சில மலிவான பிளேயர்கள், கார் ஸ்டீரியோக்கள் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பாட்டை எடுக்கின்றன, முன்பு எடுத்ததை நினைவில் வைப்பதில்லை. அப்படி 3,000 முறை எடுத்தால் ஏறக்குறைய 37 சதவீதம், அதாவது 1,100 பாட்டு, ஒருமுறைகூட வந்திருக்காது. வேறு சில மூன்று நான்கு முறை வந்திருக்கும். வண்டியை நிறுத்தியதும் வரிசையை மறந்துவிடும் ஸ்டீரியோவிலும் இதே கதிதான். பென்டிரைவைக் காரில் சொருகிக் கேட்பவர்களின் புகாரில் பாதி இங்கிருந்து வருகிறது. போனில் உள்ள நல்ல பிளேயரிலிருந்து புளூடூத் வழியாகப் பாடவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது புகாருக்குக் காரணம் கணக்கு. உங்கள் சேகரிப்பில் 40 சதவீதம் இளையராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பலர் வீட்டில் அதற்கு மேலேயே இருக்கும். நேர்மையாகக் கலைத்த வரிசையில் 20 பாட்டு கேட்டால், அதில் எங்காவது அவர் பாட்டு மூன்று தொடர்ந்து வருவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல். இயந்திரம் பாரபட்சம் காட்டவில்லை. தற்செயல் என்பதே இப்படிக் கொத்துக் கொத்தாகத்தான் வரும். மனித மனமோ சீராகப் பரவி வருவதைத்தான் தற்செயல் என்று நம்புகிறது. 2005 ஜனவரியில் திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள் என்ற சின்னப் பிளேயரை ஆப்பிள் வெளியிட்டது. ஒரு ஜிபி மாடலில் சுமார் 240 பாட்டு. அந்தக் காலத்தில் இந்தப் புகார் உலகம் முழுக்க எழுந்தது. அதே வருஷம் செப்டம்பரில் ஆப்பிளின் கணினிப் பிளேயரான ஐட்யூன்ஸில் ஒரு வசதி வந்தது: ஒரே கலைஞர் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைக் கேட்பவரே கூட்டலாம், குறைக்கலாம். 2014-இல் ஸ்பாட்டிஃபையும் ஒரே கலைஞரின் பாட்டுகளைப் பட்டியல் முழுக்கப் பரப்பிவைக்கும் முறைக்கு மாறியது.

நம் பாட்டுக்கு இந்தப் பரப்பல் சரியாக வேலை செய்யாததற்கு ஒரு காரணம் உண்டு. மென்பொருள் பார்ப்பது ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தை. நம் கோப்புகளில் அந்தக் கட்டத்தில் சிலவற்றில் பாடகர், சிலவற்றில் இசையமைப்பாளர், சிலவற்றில் பாட்டை இறக்கிய தளத்தின் பெயர்கூட இருக்கும். ‘எஸ்.பி.பி.’ ஒரு ஆள், ‘எஸ்.பி.பி., எஸ்.ஜானகி’ இன்னொரு ஆள் என்று மென்பொருள் நினைக்கும். இளையராஜா பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அதுவும் நாலைந்து ஆள். பிறகு எப்படி அது பரப்பும்?

ஆகவே உட்கார்ந்து இந்தக் கட்டங்களை, அதாவது டேக்குகளை, திருத்த வேண்டும். எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றித் தரும். ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பாடகர், கம்போசர் கட்டத்தில் இசையமைப்பாளர், ஆல்பத்தில் படம், வருஷத்தில் படம் வந்த வருஷம், முடிந்தால் பாடலாசிரியர். ஒரே சீரான எழுத்து. தமிழிலேயே எழுதிவிடுவது இன்னும் நல்லது. 3,000 பாட்டுக்கு இது ஒரே மூச்சில் முடியாது. தினம் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளலாம். செய்து முடித்தவர்களுக்கு அது வெறும் எழுத்தர் வேலை அல்ல என்று தெரியும். யார் எழுதிய பாட்டு என்று தேடும்போதுதான் நாம் வேறொருவருடையது என்று நம்பிக்கொண்டிருந்த பல பாட்டுகளின் சொந்தக்காரர் தெரியவருகிறார்.

ஒலி அளவு அடுத்த தொல்லை. 1963-இன் பாட்டு மெல்லக் கேட்கும், சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்து 2008-இன் பாட்டு காதைக் கிழிக்கும். 2001-இல் முன்மொழியப்பட்ட ரீப்ளேகெயின் என்ற முறை இதற்கு வழி செய்கிறது. மென்பொருள் ஒவ்வொரு பாட்டையும் அளந்து, எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுதிவைக்கும், இசையில் கைவைக்காது. ஃபூபார்2000 என்ற கணினிப் பிளேயரில் மொத்தச் சேகரிப்பையும் இரவோடு இரவாக அளந்துவிடலாம். அதிலேயே பாட்டு பாட்டாக அல்லாமல் ஆல்பம் ஆல்பமாகக் கலைக்கும் வசதியும் உண்டு. கச்சேரி ஃபோல்டரை அப்படிக் கலைத்தால், எந்தக் கச்சேரி என்பது தற்செயல், கச்சேரிக்குள் வரிசை மாறாது. போனில் பவராம்ப் என்ற செயலி இதையே செய்கிறது.

ஸ்கிப் பொத்தான்

ஷஃபிளைக் கெடுப்பது இதுதான். முதல் அஞ்சு நொடியில் ‘இப்போ இது வேண்டாம்’ என்று தாண்டினால், கடைசியில் நாம் கேட்பது மனதில் ஏற்கெனவே இருக்கும் அதே பட்டியலைத்தான். தமிழ்த் திரைப்பாட்டின் நல்ல பகுதிகள் பல்லவியிலேயே தீர்ந்துவிடுவதில்லை. இளையராஜா பாட்டில் இரண்டாவது இடையிசைக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. அது மூன்றாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில்தான் வரும். முதல் சரணம் முடியும் வரையாவது கை போகக் கூடாது. அதுவரை கேட்டும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பாட்டைக் குறித்துவைத்துச் சேகரிப்பிலிருந்தே எடுத்துவிடலாமா என்று யோசிப்பது நல்லது. 3,000 என்பது 2,400 ஆனால் ஷஃபிள் இன்னும் ருசிக்கும்.

இவ்வளவு வேலையும் முடியாது என்பவர்களுக்கு, குறிப்பாக வீட்டுப் பெரியவர்களுக்கு, சரிகம கேரவான் போன்ற பெட்டி உண்டு. 2017-இல் வந்தது, தமிழுக்கும் தனிப் பதிப்பு, உள்ளேயே 5,000 பாட்டு. திருகினால் பாடும், இணையம் வேண்டாம். அந்தப் பாட்டுகள் ஒரே நிறுவனத்தின் கிடங்கிலிருந்து வந்தவை என்பதால் எண்பதுகளின் பல பாட்டுகளுக்கு அங்கே இடமில்லை. பொறுக்கியது நாமும் அல்ல. ஆனால் அதில் யூஎஸ்பி துளை இருக்கிறது. சேகரிப்பு வைத்திருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குப் பிடித்த முந்நூறு பாட்டை ஒரு பென்டிரைவில் போட்டுச் சொருகிக் கொடுத்தால் நான் பார்த்தவற்றில் அதுவே ஆக நல்ல ஏற்பாடு.

நீங்கள் புதிய பாட்டே அதிகம் கேட்பவர், பழைய கோப்புகள் ஐந்நூறுக்குள் என்றால் சந்தாவே போதும். அந்த ஐந்நூறை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிதான் உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி என்றால் ஷஃபிள் பக்கமே போக வேண்டாம். வாரத்தில் ஒருநாள்தான் பாட்டுக் கேட்க நேரம் என்றாலும் ஷஃபிள் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு படத்துக்கு, ஒரு குரலுக்குக் கொடுப்பது மேல். இரண்டாயிரத்துக்கு மேல் திரைப்பாட்டு, தினமும் ஏதாவது வேலையோடு கேட்கும் பழக்கம், வீட்டில் கூடக் கேட்க இன்னொருவர், இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் கலைத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த அமைப்பு இது. ஐட்யூன்ஸிலும் மியூசிக்பீ என்ற பிளேயரிலும் நிபந்தனை வைத்துத் தானாக நிரம்பும் பட்டியல் போடலாம். ‘கடந்த ஆறு மாதத்தில் பாடாதவை’ என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்து, அதை மட்டும் ஷஃபிளில் விடுகிறேன். கேட்ட பாட்டு தானாக விலகிக்கொள்ளும், ஆறு மாதம் கழித்துத் தானாக உள்ளே வரும். ஸ்ட்ரீமிங்கில் புதிதாகக் கேட்டுப் பிடித்தவற்றுக்குத் தனியாக ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு. மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்கும்போதும் நெஞ்சில் நின்றால் காசு கொடுத்து வாங்கி, டேக் எழுதி, ஒலியளவு அளந்து பெரிய ஃபோல்டரில் சேர்க்கிறேன். போன மாதம் அப்படி உள்ளே போனவற்றில் ஒன்று ஸ்வர்ணலதா பாடியது. என்னிடம் இல்லை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.